பழைய காரில் செஞ்சிக்கு: முதல் கிளப் பயணத்துக்குத் தயாராவது எப்படி

சனிக்கிழமை விடிகாலை தாம்பரத்தில் புறப்பட்டு, செங்கல்பட்டு, உத்திரமேரூர், வந்தவாசி, தேசூர் வழியாகச் செஞ்சி. அங்கே ஓர் இரவு. ஞாயிறு காலை திண்டிவனம், மதுராந்தகம் வழியாக வீடு. போக சுமார் 130 கிலோமீட்டர், வர சுமார் 125. சென்னையில் அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு, மோரிஸ் என்று வைத்திருப்பவர்கள் கூட்டாகப் போய்வர இது நல்ல முதல் பாதை. மலை ஏற்றம் கிடையாது. கொஞ்ச தூரத்துக்கு ஒரு ஊர் வந்துகொண்டே இருக்கும். இரு பக்கமும் ஏரி, வயல், அங்கங்கே புளியமர நிழல். வண்டி நின்றுபோனாலும் ஏற்றிக்கொண்டு வர ஞாயிறு வழியில் நாலு வழிச்சாலை இருக்கிறது.

கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். வழியில் எஞ்சின் உடைந்து நிற்கும் வண்டி அபூர்வம். காய்ந்த ரப்பர் ஓஸ், தளர்ந்த கிளிப், தேய்ந்த பாயிண்ட் (பிளக்கில் பொறி வரவைக்கத் திறந்து மூடும் மின்தொடுப்பு), வயதான டியூப் என்று சின்னச் சாமான்கள்தான் வண்டியை நிறுத்தும். அத்தனையும் ஷெட்டில் நிற்கும்போதே கண்ணுக்குத் தெரியக்கூடியவை. ஆகவே பயணம் மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

தேதி

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். அதற்கு முன்னால் வடகிழக்குப் பருவமழை. மார்ச் பிறந்துவிட்டால் பத்து மணிக்கே ரேடியேட்டர் முணுமுணுக்க ஆரம்பிக்கும். பொங்கலை ஒட்டிய வார இறுதிகள் வேண்டாம், சென்னையே ஊருக்குப் போகும் நாட்கள் அவை.

அடுத்து காலண்டரைத் திருப்பிப் பௌர்ணமி, அமாவாசை இரண்டையும் பாருங்கள். பௌர்ணமிக்குச் சென்னையிலிருந்து வரும் திருவண்ணாமலை கிரிவலக் கூட்டம் பெரும்பாலும் திண்டிவனம்–செஞ்சி சாலையில்தான் போகும். சிறப்புப் பேருந்துகள் வரிசையாக வரும். அமாவாசை இரவில் செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு ஊஞ்சல் உற்சவம் பார்க்க ஜனம் திரளும். இரண்டு நாட்களிலும் அறையும் கிடைக்காது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்குச் சாலையில் இடமும் இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் வரும் சனி, ஞாயிறே சரி.

காகிதங்கள்

ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ். நான்கும் அன்றைய தேதியில் செல்லுபடியாக வேண்டும். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதியின்படி, முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிபவருக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு எண் வரும். இப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. விண்டேஜ் ராலி, கண்காட்சி, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாம். எனவே கிளப்பின் பயண அறிவிப்பில் ஒரு பிரதியை எடுத்து வண்டியில் வையுங்கள். திரும்பும் வழியில் ஆத்தூர், பரனூர் சுங்கச்சாவடிகள் உண்டு. ஃபாஸ்டாக் கணக்கில் பணம் இருக்கட்டும்.

மூன்று வாரம் முன்: டயரிலிருந்து தொடங்குங்கள்

பழைய கார் அதிகம் ஓடாது என்பதால் டயர் தேயாது, வயதாகும். பட்டன் (சாலையில் படும் மேல்புறம்) புதிதுபோல் இருக்கும், பக்கச் சுவரில் முடிபோன்ற வெடிப்புகள் ஓடியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டியிருந்தால் உள்ளும் புறமும் கூர்ந்து பாருங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால் எப்படி இருந்தாலும் மாற்றிவிடுங்கள். அம்பாசிடருக்கு 5.90-15, ஃபியட் பத்மினிக்கு 5.20-14, ஹெரால்டுக்கு 5.20-13. டியூபையும் சேர்த்து மாற்றுங்கள், ரிம் உள்ளே துருவைத் தேய்த்து ரிம் நாடா போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புது டியூபைத் துருவே குத்தும். காற்று அந்தந்தக் கையேட்டில் சொன்னபடி, பெரும்பாலும் இருபது சொச்சம் பவுண்டில்தான் இருக்கும். பங்க்கில் பேசாமல் நின்றால் இன்றைய கார்களுக்கு அடிப்பதுபோல் 33 அடித்துவிடுவார்கள். ஸ்டெப்னிக்கும் இதே விதிகள்.

வீல் நட்டு கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து டாட்ஜ், பிளைமவுத் வண்டிகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடப்புரி நட்டு. உதவிக்கு வருபவர் பழக்க தோஷத்தில் எதிர்ப்பக்கம் ஏறி மிதித்தால் ஸ்டட் முறியும். உங்கள் வண்டி அந்த வகையானால் டிக்கி மூடியின் உள்ளே எழுதி ஒட்டிவிடுங்கள்.

பிரேக்

இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். நான்கு டிரம்மையும் கழற்றி, வீல் சிலிண்டர் ரப்பரின் ஓரத்தை விரலால் விலக்கிப் பாருங்கள்; உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டர் கிட் மாற்ற வேண்டும். லைனிங்கில் எண்ணெய் பட்டிருந்தால் பெட்ரோலில் கழுவிப் போடுவது பயன் தராது, லைனிங்கையே மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் சூட்டில் ஆவியாகி, பெடல் பஞ்சுபோல் தரைவரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க வடித்து மாற்ற வேண்டும். டாட் 3 அல்லது 4 ஊற்றியிருக்கும் வண்டியில் சிலிக்கான் வகையான டாட் 5ஐக் கலக்கவே கூடாது.

புதியவர்களைக் குழப்பும் கோளாறு ஒன்று பிரேக் ரப்பர் ஓஸில் இருக்கிறது. வெளியே நன்றாகத்தான் தெரியும். உள்சுவர் ஊதித் துளை சுருங்கியிருக்கும். மிதிக்கும் அழுத்தத்தில் ஆயில் போய்விடும், விட்டதும் திரும்பி வராது. பிரேக் பிடித்தபடியே ஓடும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும், பெட்ரோல் குடிக்கும், கடைசியில் எஞ்சின் சூடேறும். மெக்கானிக் ரேடியேட்டரைப் பிரித்துக்கொண்டிருப்பார். பத்து வருடமான ஓஸ்களை யோசிக்காமல் மாற்றுங்கள்.

இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக் சுற்று ஒன்றே ஒன்று. எங்கே கசிந்தாலும் நான்கு சக்கரமும் போச்சு. ஆகவே கைப்பிரேக் சரிவில் வண்டியை நிறுத்திப் பிடிக்கும் அளவுக்கு இருந்தாக வேண்டும்.

கிரீஸும் ஆயிலும்

கிங்பின், டை ராடு, புரொப்பல்லர் ஷாப்ட் கிராஸ், ஸ்பிரிங் பட்டையின் கண்கள் என்று கிரீஸ் அடிக்கும் ஒவ்வொரு நிப்பிளையும் துணியால் துடைத்து, பழைய கிரீஸ் பிதுங்கிப் புதியது தலைகாட்டும் வரை அடியுங்கள். அடைத்த நிப்பிளைக் கழற்றி மாற்ற வேண்டும். அது சில ரூபாய்ச் சாமான்.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் தயாரான வண்டி அது. இந்தப் பயணமே அதன் பிறந்த ஊரைத் தாண்டித்தான் போகிறது. அதன் முன் சக்கரத்தின் அடியில், செங்குத்துக் கம்பியின் மரை வந்து அமரும் வெண்கல டிரன்னியன் ஒன்று உண்டு. அதற்குக் கிரீஸ் ஆகாது, இ.பி. 90 கியர் ஆயில்தான். கிரீஸ் அடித்தால் நாளடைவில் அது காய்ந்து வழியை அடைக்கும், மரைக்கு எண்ணெய் போகாது, தண்ணீர் புகும், துருப்பிடிக்கும். ஒருநாள் வளைவில் ஸ்டீரிங்கைத் திருப்பும்போது கம்பி ஒடிந்து சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கும். டிரன்னியன் பிளக்கைக் கழற்றி நிப்பிள் மாட்டி, தனியாக ஒரு கிரீஸ் கன்னில் கியர் ஆயிலை நிரப்பி, மேலே கசியும் வரை அடியுங்கள். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது கணக்கு. எப்போது அடித்தார்கள் என்று தெரியாத வண்டியானால் இன்றே அடியுங்கள்.

எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 ரகத் தடித்த ஆயில். இன்றைய மெல்லிய சிந்தெடிக் ஆயில் பழைய இடைவெளிகளில் நிற்காது, சூடானதும் பிரஷர் விழும். கியர்பாக்ஸில் பித்தளை வளையங்கள் இருந்தால் ஜி.எல்.-4 ரகக் கியர் ஆயில் போதும், ஜி.எல்.-5இல் இருக்கும் கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கக்கூடும்.

சூடும் பெட்ரோலும்

ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தண்ணீர் மேலே வரும் வேகத்தைப் பார்த்தாலே அடைப்பு தெரியும். மேல் ஓஸ், கீழ் ஓஸ் இரண்டையும் அழுத்திப் பார்க்கும்போது ‘நறுக்’ என்று உள்ளே உடைந்தால் மாற்றுங்கள். ஃபேன் பெல்ட்டின் நீண்ட பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 12 மி.மீ. இறங்க வேண்டும். ரேடியேட்டர் மூடியின் மேல் இருக்கும் எண்ணைப் படியுங்கள். பழைய வண்டிகளுக்கு 4 அல்லது 7 பவுண்டு மூடி. கடையில் கிடைத்தது என்று 13, 15 பவுண்டு மூடியைப் போட்டால் பற்றுவைத்த பழைய ரேடியேட்டர் டாங்கிதான் முதலில் பிரியும்.

சூடேறினால் ரேடியேட்டரை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். டைமிங் பின்தங்கியிருந்தால் சூடேறும். கலவையில் பெட்ரோல் குறைந்தாலும் ஏறும். பிரேக் பிடித்து ஓடினாலும் ஏறும்.

இதில் இரண்டாவது காரணம், அதாவது பெட்ரோல் குறைந்த கலவை, இப்போது அதிகம். பங்க்கில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அதில் ஆக்சிஜன் இருப்பதால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான அதே ஜெட்டில் கலவை ஒல்லியாகிறது. ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கவோ திருகைக் கொஞ்சம் திறக்கவோ வேண்டும். பழைய ரப்பர் ஓஸை எத்தனால் மென்மையாக்கி உரிக்கும், துணுக்குகள் கார்புரேட்டரில் போய் அடைக்கும். எத்தனாலைத் தாங்கும் ஃபுளோரோ ரப்பர் ஓஸை, டாங்கியிலிருந்து கார்புரேட்டர் வரை ஒன்று விடாமல் மாற்றுங்கள். 1930களின் சில வண்டிகளில் டாங்கி மிதவை அரக்கு பூசிய கார்க்கு. அரக்கு எத்தனாலில் கரையும். பிறகு மிதவை பெட்ரோல் குடித்து மூழ்கும், மீட்டர் எப்போதும் காலி என்றே காட்டும். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் நின்ற டாங்கியை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். டாங்கியில் படிந்திருந்த அழுக்கை எத்தனால் கிளப்பிவிடும். கண்ணாடிக் கிண்ண ஃபில்டர் ஒன்றை வழியில் போட்டால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும்.

பெட்ரோல் பைப் சைலன்சர் மேனிபோல்டுக்குப் பக்கத்தில் போகிறதா என்று பாருங்கள். அந்தச் சூட்டில் பெட்ரோல் பைப்புக்குள்ளேயே கொதித்து ஆவியாகி வழியை அடைப்பதைத்தான் ஏர் லாக் என்கிறோம். பைப்பை விலக்கி, நடுவில் ஒரு தகடு வைத்தால் பாதி தொல்லை தீர்ந்தது.

மின்சாரம்

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், மூடி ஆகியவற்றைப் புதிதாகப் போட்டு, நன்றாக ஓடும் பழைய செட்டை உதிரியாக வையுங்கள். மாற்றிச் செய்யாதீர்கள்: புதிய கண்டென்சர்களில் முதல் நாளே சாகும் சரக்கும் உண்டு. ஓடிக் காட்டிய சாமானே நம்பகமான உதிரி. லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் 0.6 மி.மீ. சாலையில் கேஜ் இல்லையென்றால் விசிட்டிங் கார்டின் தடிமன் கிட்டத்தட்ட பொருந்தும்.

1960களின் நடுப்பகுதிக்கு முந்தைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த், அதாவது பாடி. இது தெரியாமல் செல்போன் சார்ஜரை மாட்டினால் சார்ஜர் புகையும். உதவி வண்டியிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி முனைக்கு முனை பாருங்கள். பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ். இரண்டு வண்டிகளின் பம்பரும் தொட்டுக்கொள்ளக் கூடாது. பேட்டரிப் பெட்டி மேல் சிவப்பு பெயின்டில் ‘பிளஸ் எர்த்’ என்று எழுதிவைப்பது நல்லது.

டைனமோ முழு வேகத்தில் கொடுப்பதே 22 ஆம்பியர் அளவுதான். வண்டி நின்று ஓடும்போது ஒன்றும் கொடுக்காது. ஹெட்லைட், ஹாரன், புதிதாகப் பொருத்திய எலெக்ட்ரிக் ஃபேன் எல்லாம் சேர்ந்தால் பேட்டரி கரையும். இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை என்று கிளப் விதி வைப்பதற்கு இது ஒரு காரணம்.

சோதனை ஓட்டம்

பயணத்துக்கு ஒரு வாரம் முன் 40 கிலோமீட்டர் ஓட்டுங்கள். நகருக்குள் வேண்டாம், ஒரே மூச்சில் போகக்கூடிய சாலையில். பத்தாவது கிலோமீட்டரில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் தானாக உருண்டு நிற்கவிட்டு, இறங்கி நான்கு சக்கரத்தின் நடு மூடியையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். நான்கும் ஒரே இளஞ்சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கையை இழுத்துக்கொள்ளும்படி சுட்டால், அங்கே பிரேக் பிடிக்கிறது அல்லது பேரிங் இறுக்கம். இதைவிட மலிவான, உறுதியான சோதனை வேறில்லை. பயணத்தின்போதும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் செய்யுங்கள்.

வீடு திரும்பியதும் வீல் நட்டுகளை மறுபடி முடுக்கி, இரவு வண்டிக்கு அடியில் பெரிய அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்துவையுங்கள். காலையில் அட்டை கதை சொல்லும். கறுப்புச் சொட்டு எஞ்சின் ஆயில். கெட்டியாக, கந்தக வாடையோடு இருப்பது கியர் ஆயில். பச்சை என்றால் கூலன்ட். சக்கரத்துக்கு உள்பக்கம் நிறமில்லாத ஈரம் இருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். முதல் இரண்டோடு ஒரு பயணம் போய்வரலாம், உடன் ஒரு லிட்டர் எடுத்துக்கொண்டு. பிரேக் ஆயில் சொட்டும் வண்டியை வரவிடுவதில்லை. எவ்வளவு ஆசைப்பட்டாலும் சரி.

மீட்டர் கணக்கையும் அன்றே சரிபாருங்கள். கிலோமீட்டர் கல் பார்த்துப் பத்து கிலோமீட்டர் ஓட்டி, உங்கள் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று குறியுங்கள். திருப்பங்களைக் குறித்திருக்கும் கிளப்பின் வழிப்புத்தகத்தைப் பின்தொடர இது வேண்டும். மைல் மீட்டரானால் 1.6ஆல் பெருக்க வேண்டும்.

டிக்கியில் என்ன இருக்க வேண்டும்

- ஃபேன் பெல்ட் 1, மேல், கீழ் ரேடியேட்டர் ஓஸ் தலா 1, பல அளவில் கிளிப் 6
- பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், மூடி, காயில், பிளக் 2
- பெட்ரோல் ஓஸ் 1 மீட்டர், பம்ப் டயாபிரம் கிட் 1
- டியூப் 2, காற்று மீட்டர், ஜாக்கி, அதன் கீழே வைக்க ஓர் அடி சதுரப் பலகை. வயல் ஓரத்து மண்ணில் ஜாக்கி புதையும்
- எஞ்சின் ஆயில் 2 லிட்டர், பிரேக் ஆயில் அரை லிட்டர் சீல் உடைக்காதது
- வண்டிக்குத் தண்ணீர் 10 லிட்டர், குடிக்கும் தண்ணீர் தனியாக
- ஃபியூஸ், வயர் 3 மீட்டர், டெஸ்ட் விளக்கு, இன்சுலேஷன் டேப், கட்டுக்கம்பி
- 2 கிலோ உலர்பொடித் தீயணைப்பான், டிக்கியில் போடாமல் ஓட்டுநர் கைக்கு எட்டும்படி
- எச்சரிக்கை முக்கோணம், இழுக்கும் கயிறு, கோணித் துணி இரண்டு

ஸ்பேனர் விஷயத்தில் ஒரு குழப்பம் வரும். அம்பாசிடருக்கு அங்குல அளவு, ஃபியட்டுக்கு மி.மீ., இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் வண்டிகளுக்கு விட்வொர்த் என்ற பழைய அளவு. ஒன்று மற்றதில் ‘கிட்டத்தட்ட’ பொருந்தும். அந்தக் கிட்டத்தட்டதான் நட்டின் முனைகளை உருட்டிவிடும். உதவி வேனில் மூன்று செட்டும் இருக்கட்டும்.

சாலையில் கூட்டமாகப் போவது

இருபது வண்டிகள் ஒரே வரிசையில் போனால் பின்னால் வரும் பேருந்தால் முந்த முடியாது. நான்கு, ஐந்து வண்டிகளாகப் பிரித்து, அணிக்கு அணி ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். அணிக்குள் மெதுவான வண்டி இரண்டாவதாக வர வேண்டும், கடைசியில் விட்டால் அது துரத்தி ஓடிச் சூடேறும். முதல் வண்டி கண்ணாடியில் அதைப் பார்த்தே வேகம் வைக்கும். கிராமச் சாலையில் 45, நல்ல சாலையில் 55க்கு மேல் வேண்டாம். நிறுத்தங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் மணிக்கு 25 கிலோமீட்டர் சராசரி கிடைக்கும். ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் பதினொரு மணிக்குச் செஞ்சி. எல்லாருக்கும் பின்னால் மெக்கானிக்கோடு உதவி வேன், அதற்கும் பின்னால் வண்டி ஏற்றும் லாரி.

யாரும் தொலையாமல் இருக்க ஒரே ஒரு விதி போதும்: திருப்பத்தில் பின்னால் வரும் வண்டி உங்களைப் பார்க்கும் வரை நின்றுவிட்டுத் திரும்புங்கள். ஒவ்வொருவரும் தன் பின்வண்டிக்குப் பொறுப்பு. போன் சிக்னல் போனாலும் சங்கிலி அறாது.

வழிப்புத்தகத்தில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சின்னப் படம் இருக்கும். உருண்டைப் புள்ளி நீங்கள் வரும் பக்கம், அம்பு போக வேண்டிய பக்கம். நெதர்லாந்தின் டியூலிப் ராலியில் புழங்கியதால் இதற்கு டியூலிப் படம் என்றே பெயர். பக்கத்தில் உட்காருபவர் முதல்நாளே ஒருமுறை படித்துவிட வேண்டும்.

பழைய வண்டியின் பிரேக் விளக்கு பகல் வெளிச்சத்தில் தெரியாது. வேகம் குறைக்கப்போகிறீர்கள் என்றால் கையை வெளியே நீட்டி மேலும் கீழும் அசைத்துக் காட்டுங்கள். நிறுத்தப்போகிறீர்கள் என்றால் முன்கையைச் செங்குத்தாக உயர்த்துங்கள். வலப்பக்கம் திரும்பக் கையை நேராக நீட்டுங்கள். இன்றைய ஓட்டுநர்கள் பலருக்கு இது பழக்கமில்லை என்பதால் நன்றாக முன்கூட்டியே தொடங்குங்கள்.

முதல் நிறுத்தம் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் படிக்க அரை மணி நேரம் கொடுங்கள். எஞ்சின் ஆறவும் அதுவே கணக்கு. அடுத்தது வந்தவாசி. 1760 ஜனவரியில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் பெரும்போர் நடந்த ஊர். இன்று கோரைப்பாய்க்குப் பெயர் போனது. ஒரு பாய் வாங்கிக்கொண்டால் வண்டிக்கு அடியில் படுக்கவும் உதவும்.

வந்தவாசியைத் தாண்டியதும் கவனம். அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் காயும்; சில இடங்களில் கேழ்வரகுக் கதிர், கொள்ளுச் செடிகளை வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று பரப்பியிருப்பார்கள். அந்தத் தட்டையின் மேல் ஓட்டினால் அது புரொப்பல்லர் ஷாப்டில் சுற்றி, சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும். ஓரமாக வழி இருந்தால் விலகுங்கள், இல்லையென்றால் இறங்கிக் கேளுங்கள், ஒதுக்கித் தருவார்கள். தாண்டிய பிறகு நிறுத்திக் குனிந்து அடியில் பாருங்கள். கரும்பு டிராக்டர்களும் இந்தப் பக்கம் அதிகம். பின்விளக்கு இல்லாத டிரெய்லர், இரு பக்கமும் நீட்டிய கரும்பு. பொறுமையாகப் பின்னால் போவதே சரி. பெயின்ட் அடிக்காத வேகத்தடையில் சைலன்சர் தட்டும், எனவே ஊர் எல்லை வந்ததும் இரண்டாவது கியர்.

நிறுத்தும் இடங்களில் காய்ந்த புல் வேண்டாம், தென்னை மரத்தடியும் வேண்டாம். ஊர்ப்பிள்ளைகள் சூழ்ந்துகொள்வார்கள். சைலன்சரும் ரேடியேட்டரும் சுடும் என்று முதலில் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து காட்டுங்கள். ‘எங்க தாத்தா இந்த வண்டிதான் ஓட்டுனாரு’ என்று ஒருவராவது வருவார். அவரை ஸ்டீரிங் முன் உட்காரவைக்க இரண்டு நிமிடம் போதும்.

நின்றுவிட்டால்

முழுவதும் இடப்பக்கம் ஒதுக்கி, 50 மீட்டர் பின்னால் முக்கோணம். வண்டி எப்படி நின்றது என்று நினைவுகூருங்கள். சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் மின்சாரம். இருமி இருமி, குலுங்கி நின்றால் பெட்ரோல்.

மின்சாரமென்றால் ஒரு பிளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, எஞ்சின் இரும்பில் படும்படி வைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். ‘டக் டக்’ என்று நீலப் பொறி வந்தால் சரி. மஞ்சளாக, சோம்பலாக வந்தால் கண்டென்சர் மீது சந்தேகம். பொறியே இல்லையென்றால் மூடியைத் திறந்து பாயிண்ட் திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். அங்கிருந்து காயில் வயர் வரை வாருங்கள். பொறி இருந்தால் கார்புரேட்டருக்கு வரும் பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டுச் சுற்றுங்கள். பீய்ச்சி அடிக்க வேண்டும். இந்த இரண்டு சோதனைகளையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். பெட்ரோல் சிந்திய இடத்தில் பொறி பார்த்தவர்களின் வண்டிகள் திரும்பி வந்ததில்லை.

ஏர் லாக் என்றால் நிழல், திறந்த பானெட், பம்ப் மீதும் பைப் மீதும் நனைத்த கோணி, இருபது நிமிடம். ரேடியேட்டர் கொதித்தால் மூடியைத் தொடாதீர்கள். அரை மணி நேரம் கழித்து, கோணியைப் போர்த்திக் கால் சுற்று மட்டும் திருகி, சீறல் அடங்கிய பிறகு திறங்கள். எஞ்சினை ஓடவிட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். சூடான எஞ்சினில் மொத்தமாக ஊற்றினால் ஹெட் வெடிக்கும்.

முப்பது நிமிடத்தில் காரணம் பிடிபடவில்லை என்றால் லாரியில் ஏற்றுங்கள். இதில் வெட்கம் எதுவும் இல்லை. வெயிலில் அவசரமாகப் பிரித்த கார்புரேட்டரின் ஸ்பிரிங் புல்லுக்குள் விழுந்தால் அந்த வண்டி மாதக்கணக்கில் ஓடாது. செஞ்சி, திண்டிவனம் போன்ற ஊர்களில் அம்பாசிடர் டாக்சி ஓடிய காலத்து மெக்கானிக்குகளைத் தேடினால் கிடைப்பார்கள். மர நிழலில் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

செஞ்சியும் திரும்பலும்

செஞ்சியில் பெரிய விடுதிகள் குறைவு. அறை எண்ணிக்கையைவிட வண்டி நிறுத்தும் இடம்தான் முதல் கேள்வி: சுற்றுச்சுவர், இரவுக் காவல், வண்டிக்கு வண்டி கதவு திறக்கும் இடைவெளி. நேரில் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

சாப்பிட்டு ஓய்வெடுத்து, வெயில் தாழ்ந்ததும் கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்த கோட்டை இது. 2025இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். ராஜகிரி உச்சி சுமார் 800 அடி. அதைக் காலையில் ஏறுவதே சுகம் என்பதால், ஏற விரும்புகிறவர்கள் ஞாயிறு மதியம் கிளம்பும் தனி அணியாகப் போகலாம். மற்றவர்கள் சனி மாலை கீழ்க்கோட்டையில் கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் பார்த்துவிட்டு இருட்டுமுன் திரும்பிவிடுங்கள்.

படுக்கும் முன் இருபது நிமிடம் வண்டிக்கு. ஆயில் அளவு, தண்ணீர், பெல்ட், வீல் நட்டு, அடியில் அட்டை. சூடு ஆறிய பிறகு பார்த்தால்தான் ஆயில் கம்பி உண்மை சொல்லும்.

ஞாயிறு ஆறு மணிக்குக் கிளம்புங்கள். பதினொரு மணிக்குள் தாம்பரம் தொட்டுவிட்டால் மாலை ஜி.எஸ்.டி. சாலையில் ஊர்ந்து சூடேற வேண்டியதில்லை. நாலு வழிச்சாலையில் இடது ஓரத் தடத்திலேயே 55இல் போங்கள். லாரிகள் முந்தும்போது வரும் காற்றில் வண்டி ஆடும், ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடிக்காமல் நிதானமாகப் பிடியுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் எஞ்சினை உடனே அணைக்காமல் இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். அடிப்பக்கத்து வைக்கோலையும் மண்ணையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, பிரேக் உலர தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு ஷெட்டில் விடுங்கள். அடுத்த மாதம்தான் மறுபடி எடுப்பீர்கள் என்றால் பேட்டரி வயரைக் கழற்றிவிடலாம். பிறகு ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, கிலோமீட்டர், ஊற்றிய பெட்ரோலும் ஆயிலும், எந்தச் சக்கரம் சுட்டது, எந்த உதிரியை எடுத்துப் போட்டீர்கள். எடுத்த உதிரியை அந்த வாரமே வாங்கி டிக்கியில் வைத்துவிடுங்கள்.